சானியா மிர்சா இரட்டையர் ஆட்டத்துக்குப் போனது பின்வாங்கலா?

டிக்கோயா டீச்சர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையில் தரம் பத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி, தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்காக இந்திய டெனிஸ் வீராங்கனை சானியா மிர்சாவைப் பற்றி எழுதி வந்திருக்கிறாள். இங்கே டெனிஸ் ஆடுகளம் கிடையாது. இருக்கிற ஒரே சமதரையில் காலையில் கூட்டமும் மாலையில் வலைப்பந்தும் நடக்கும், பந்து கொஞ்சம் உயர்ந்து போய்விட்டால் கீழேயுள்ள தேயிலை மலைக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். ஆகையால் இந்த விளையாட்டைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்ததோடு சரி, எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

அவளுடைய முதல் வரி, "உலகின் முதல்நிலை டெனிஸ் வீராங்கனையாகத் திகழ்ந்தவர்" என்று தொடங்குகிறது. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது வலைப்பந்து அணியில் ஆடும் இன்னொருத்தி இடையில் எழுந்து, "டீச்சர், அவங்க தனியா வெளையாடி மொத எடத்துக்கு வரலையே, ரெட்டையர்லதானே வந்தாங்க? தனியா முடியாமத்தானே அங்க போனாங்க?" என்று கேட்டுவிட்டாள். பேச்சாளருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன், ஆனால் கேள்வி நியாயமானது என்பதால் அதை அப்படியே விட்டுவிட மனமில்லை. ஒற்றையரிலிருந்து இரட்டையருக்குச் சானியா மாறியது உண்மையில் ஏன், அதைத் தோல்வியென்று சொல்லலாமா என்பதை விவரமறிந்தவர்கள் எழுதினால், அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே வாசித்துக் காட்டுவேன்.

பண்டாரவளை வாசகர்

டீச்சர், முதலில் அந்த வலைப்பந்துப் பிள்ளையின் கேள்வியில் பாதி சரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றையரில் சானியா அடைந்த மிக உயர்ந்த இடம் 27, அது 2007 ஆகஸ்டில். இரட்டையரில் முதலிடத்துக்கு வந்தது 2015 ஏப்ரல் 13 அன்று. இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கிடக்கின்றன; உங்கள் மாணவியின் பேச்சு அந்த எட்டு ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஒற்றையர் ஆடத் தெரியாதவர் என்று அவரைச் சொல்வதற்கு இடமே இல்லை. 2005ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியின் மூன்றாம் சுற்றுக்குப் போய்ச் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அடுத்த மாதம் தான் வளர்ந்த ஹைதராபாத்திலேயே கிண்ணத்தை வென்று, மகளிர் டெனிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அதற்குச் சில வாரங்களின் பின் துபாயில், அப்போதைய அமெரிக்கப் பகிரங்கச் சம்பியன் குஸ்நெத்சோவாவை நேர் செட்களில் வீழ்த்தினார். அந்த ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் நான்காம் சுற்று வரை சென்று ஷரபோவாவிடம் வெளியேறினார். இந்தியாவின் பெண்கள் டெனிஸில் அதற்கு முன் யாரும் அந்தப் படிகளில் கால் வைத்ததில்லை.

பிறகு வந்தது மணிக்கட்டு. அவருடைய பலமே, மட்டை பிடித்த கையின் பக்கமாக வரும் பந்தை அடிக்கும் போர்ஹேண்ட் அடிதான், பந்தை அவர் சவுக்கு வீசுவதுபோல் வீசி அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஆனால் அந்த வீச்சின் பாரம் முழுவதும் வலது மணிக்கட்டில் விழுகிறது. 2008இல் அந்த மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. இங்கே ஒன்றைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். டெனிஸ் தரவரிசை என்பது சேமிப்புப் புத்தகம் மாதிரியானதல்ல. கடைசி 52 வாரங்களில் எடுத்த புள்ளிகள் மட்டுமே கணக்கில் நிற்கும், ஓராண்டு கழிந்ததும் பழைய புள்ளி தானாகவே கழிந்துவிடும். ஆறு மாதம் கையில் கட்டோடு வீட்டில் இருப்பவரைக் காத்திருந்து அழைத்துக்கொள்ள அந்தப் பட்டியல் நிற்காது. சானியாவும் நூறு பேருக்கு வெளியே தள்ளப்பட்டார், மறுபடி ஏறினார், பிறகு முழங்கால்கள் படுத்தத் தொடங்கின. 2012க்குப் பின் ஒற்றையரை நிறுத்திக்கொண்டார். இரட்டையரை அவர் அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2003இல் விம்பிள்டன் சிறுமியர் பட்டத்தை அவர் வென்றதே இரட்டையரில்தான், 2009இல் மகேஷ் பூபதியோடு அவுஸ்திரேலியக் கலப்பு இரட்டையரையும் 2012இல் அவரோடேயே பிரெஞ்சுப் பட்டத்தையும் வென்றிருந்தார்.

ஆகவே என் பதில்: உடம்பு ஒரு கதவைச் சாத்தியது, ஏற்கெனவே திறந்திருந்த இன்னொரு கதவால் அவர் போனார். முடியாமல் போனார் என்பது உண்மைதான், ஆனால் எது முடியாமல் போனது என்பதையும் சொல்ல வேண்டும். முடியாமல் போனது முழங்காலுக்கு.

தலவாக்கலையிலிருந்து, ஒரு காலத்தில் பந்து பொறுக்கியவன்

இரட்டையர் என்றால் இளைப்பம் என்ற எண்ணம் நம் மலையகத்தில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் துரைமார் கழகமொன்றின் மண் ஆடுகளத்தில் நான் பந்து பொறுக்கியிருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் கல் உருளையை இழுத்துத் தரையைச் சமப்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்போம். ஆடவருகிற ஐயாமாரில் தொந்தியும் வயதும் ஏறியவர்கள் எல்லாரும் இரட்டையர்தான் ஆடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள், ஓட முடியாதவர்களின் ஆட்டம் அது என்றே நினைத்துக்கொண்டோம்.

கொஞ்சம் கணக்குப் பார்த்தால் அந்த எண்ணத்தில் ஒரு துளி உண்மை இருப்பதும் தெரியும். ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 8.23 மீற்றர், அதை ஒருவரே காக்க வேண்டும். இரட்டையரில் அகலம் 10.97 மீற்றராகக் கூடினாலும் இருவர் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தரை மீற்றர்தான் வரும். பழுதான முழங்காலுக்கு அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் கால் மிச்சப்படுத்தியதைக் கண்ணும் கையும் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் வலைக்கருகில் நிற்பவரை நோக்கிப் பந்து பாதித் தூரத்திலேயே வந்துவிடுகிறது, யோசிக்க நேரமில்லை. மேலும் மகளிர் டெனிஸ் சங்கத்தின் வழக்கமான சுற்றுப்போட்டிகளில் 40க்கு 40 என்று சமமானால் அடுத்த ஒரே புள்ளியில் அந்த கேம் முடிந்துவிடும், மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை பிரேக் என்ற குறுகிய தீர்மான ஆட்டம் ஆடுவார்கள். பிழைவிட்டால் திருத்திக்கொள்ள இடம் மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஆட்டத்தில்தான் சானியாவும் அவருடைய ஜோடியான சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும் 2015இலிருந்து 2016 பெப்ரவரி வரை தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோற்கவில்லை.

அவர்கள் சேர்ந்ததே ஓர் அழகு. சானியா பின்கோட்டிலிருந்து போர்ஹேண்டால் எதிராளிகளை நெருக்குவார், அவர்கள் தடுமாறித் திருப்பும் பந்தை ஹிங்கிஸ் வலையில் நின்று முடித்து வைப்பார். 2015 மார்ச்சில் சேர்ந்து ஆடத் தொடங்கி முதல் மூன்று போட்டிகளையும் வென்றார்கள், மூன்றாவது வெற்றியோடு சானியா முதலிடத்துக்கு வந்தார்.

அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எதிரே ரஷ்யாவின் மக்கரோவாவும் வெஸ்னினாவும். முதல் செட் 7–5 என்று அவர்களுக்கு, இரண்டாவது டை பிரேக்கில் இவர்களுக்கு, மூன்றாவதில் இவர்கள் 2–5 என்று பின்னால். அங்கிருந்து 5–5 வரை வந்தபோது வெளிச்சம் மங்கி, கூரையை மூடுவதற்காக ஆட்டத்தை நிறுத்தினார்கள். மீண்டும் வந்து 7–5 என்று முடித்தார்கள். மலை இறங்கும் மூட்டத்தில் வலைப்பந்து ஆடியிருக்கும் பிள்ளைக்கு, பாதியில் நின்ற ஆட்டத்துக்கு அதே சூட்டோடு திரும்பி வருவது எவ்வளவு கடினமென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

தலைப்புக்குச் சற்று வெளியே ஒரு செய்தி, டீச்சர். 1,219 மீற்றருக்கு மேலான இடங்களில் காற்று மெலிந்து பந்து அதிகமாகப் பறக்கும் என்பதால், அந்த உயரத்துக்கென்றே டெனிஸ் விதிகளில் தனிப் பந்து வகை இருக்கிறது. நுவரெலியா அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ மேலே, 1,868 மீற்றரில் இருக்கிறது. நாங்கள் பொறுக்கிய பந்துகள் எந்த வகையோ, வேலிக்கு வெளியே கானுக்குள்தான் அதிகம் கிடந்தன.

மஸ்கெலியா, இப்போது கொழும்பில்

மேலே எழுதிய இருவரோடும் எனக்குப் பாதி உடன்பாடுதான். சானியாவின் மேல் உள்ள மதிப்பில், டெனிஸ் உலகில் இருக்கிற ஏற்றத்தாழ்வைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிடக் கூடாது. நீங்கள் சொன்ன அதே 2015 விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் சம்பியனான செரீனாவுக்குக் கிடைத்த பரிசு 18,80,000 பவுண்; இரட்டையர் சம்பியன்களுக்கு இருவருக்கும் சேர்த்து 3,40,000 பவுண். அதாவது ஆளுக்கு 1,70,000, பதினொன்றில் ஒரு பங்கு. தரவரிசைப் புள்ளி இரண்டுக்கும் 2,000 என்று ஒன்றாக இருந்தாலும், பணமும் அரங்கின் கூட்டமும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது தெரிந்ததே. ஒற்றையரில் முதல் இடங்களில் இருக்கும் பலர் இரட்டையரை முழுநேரமாக ஆடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே "உலகின் முதல்நிலை வீராங்கனை" என்று சும்மா எழுதுவது கேட்பவரை ஏமாற்றும் வரிதான், அந்த வலைப்பந்துத் தங்கச்சி சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறாள்.

எனினும் "முடியாமல் போனவர்" என்பதற்கு எதிர்ச்சாட்சி சானியாவுக்கு அருகிலேயே நிற்கிறது. ஹிங்கிஸ் 1997இல் பதினாறு வயதில் ஒற்றையரில் உலக முதலிடம் பிடித்தவர். கணுக்கால் உபாதையால் 2003இல் விலகி, திரும்பி வந்து, 2007இல் மறுபடி விலகி, 2013இல் இரட்டையர் ஆடுபவராகவே வந்தார். ஒற்றையரின் உச்சியைத் தொட்டவரே அந்த வழியில் வந்திருக்கும்போது, அது ஆடத் தெரியாதவர்களின் புகலிடம் ஆகாது.

இன்னொரு யோசனை. நம் பிள்ளைகள் தமிழில் பேசப் போகிறார்கள், அவர்களின் பாட்டன் பூட்டன் வந்ததும் தமிழ்நாட்டிலிருந்து; கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதனை ஏன் யாரும் நினைப்பதில்லை? 1998 அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் இத்தாலியின் பிட்சிக்கினியை வென்றதன் மூலம், நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். முதல் நூறு இடங்களுக்குள் அவர் ஒருபோதும் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு வெற்றிக்கு ஏழாண்டுகளின் பின் சானியா மூன்றாம் சுற்றுக்குப் போனபோது, அந்தக் கதவு ஏற்கெனவே ஒருமுறை தட்டித் திறக்கப்பட்டிருந்தது. என்னைக் கேட்டால், உச்சியிலிருப்பவர்களின் கதையைவிட நிருபமாவைப்போல் 134ஆம் இடத்திலும் 200ஆம் இடத்திலும் இருந்துகொண்டு பயணச்சீட்டுக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் வழி தேடியவர்களின் கதையில்தான் இந்தத் தொழில் என்னவென்பது விளங்கும். ஆனால் பேச்சுப் போட்டியில் நடுவர்கள் அதைக் கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

டிக்கோயா டீச்சர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று இடைவேளையில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். முதல் வரி மாறிவிட்டது: "2015 ஏப்ரலில், இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தவர்" என்று பேச்சாளரே திருத்தி எழுதினாள். இரட்டையர் தரவரிசை ஜோடிக்கா, ஆளுக்கா என்று வலைப்பந்துக்காரி கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல். பேச்சுக்கு ஐந்து நிமிடம்தான். இப்போது ஏழேகால் நிமிடம் ஓடுகிறது. 2018இல் மகன் பிறந்த பின் 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் வந்து ஆடிய முதல் போட்டியையே வென்றதையும், 2023 பெப்ரவரியில் துபாயில் விடைபெற்றதையும் அவள் விட மாட்டேன் என்கிறாள். எதை வெட்டலாம்?

தலவாக்கலையிலிருந்து, ஒரு காலத்தில் பந்து பொறுக்கியவன்

தரவரிசை ஆளுக்குத்தான், டீச்சர். இருவரும் சேர்ந்து வென்றாலும் புள்ளி அவரவர் பெயரில் தனித்தனியாக ஏறும், அதனால் ஜோடி பிரிந்தாலும் இடம் உடனே போகாது. சானியா முதலிடத்தில் மொத்தம் 91 வாரங்கள் இருந்தார், எல்லா வாரமும் ஹிங்கிஸோடு அல்ல.

வெட்டுவதானால் கிண்ணங்களின் பட்டியலை வெட்டுங்கள். ஆறு கிராண்ட் ஸ்லாம் என்று ஒரே வரியில் சொன்னால் போதும். 41 வெற்றியையும் வேண்டுமானால் விட்டுவிடலாம். மணிக்கட்டையும் அந்த 2–5ஐயும் மட்டும் விடவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.