ஏர் பிஸ்டல்: இரண்டு கண்ணையும் திறந்தால் இரண்டு பிஸ்டல் தெரிகிறது, எப்படிப் பழகுவது?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூர், வயது 27, வலது கைப் பழக்கம். எட்டு மாதமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். ஆரம்பத்திலிருந்தே இடது கண்ணை மூடித்தான் குறி பார்க்கிறேன். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, பிஸ்டலைத் தூக்கினால் தானாக மூடிக்கொள்ளும், அப்படியே பழகிவிட்டது.

பிரச்சினை நாற்பதாவது ஷாட்டுக்கு மேல்தான். இடது இமை துடிக்க ஆரம்பிக்கிறது, கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் திறந்திருக்கும் வலது கண்ணிலும் தண்ணீர் கோத்துக்கொண்டு ஃப்ரன்ட் சைட்டின் (குழல் நுனியில் இருக்கும் குறிமுள்) ஓரம் மங்கிவிடுகிறது. பத்து ஷாட் ஒரு சீரிஸ், மொத்தம் ஆறு. முதல் நான்கு சீரிஸ் 88, 90 என்று வந்தால் கடைசி இரண்டும் 82, 83-ல் நிற்கும். போன மாதம் ஒரு போட்டியிலும் இதேதான், 600-க்கு மொத்தம் 521. கை வலிக்கவில்லை, மூச்சும் சரியாக இருந்தது. கண்தான் விட்டுவிட்டது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு, இரண்டு கண்ணையும் திறந்து சுட்டு மிக்ஸ்டு டீமில் வெள்ளி வாங்கியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கிய அதே ஈவென்ட். அதைப் பார்த்த நாளிலிருந்து நானும் முயற்சி செய்கிறேன், ஆனால் எனக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. டார்கெட்டைப் பார்த்தால் இரண்டு பிஸ்டல், ஃப்ரன்ட் சைட்டைப் பார்த்தால் இரண்டு கறுப்பு வட்டம். எதை நம்பிச் சுடுவது? இது பழகினால் போய்விடுமா, இல்லை என் கண்ணிலேயே ஏதாவது கோளாறா? இடது கண்ணை மறைக்கும்படி, போடுகிற கண்ணாடியில் டேப் ஒட்டலாம் என்று ரேஞ்சில் ஒரு அக்கா சொன்னார், அதற்கு ரூல் இடம் கொடுக்கிறதா?

பத்துமீட்டர்:

சகோதரி, கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு கண்ணும் ஒழுங்காக வேலை செய்கிற யாருக்கும் அப்படித்தான் தெரியும். இப்போதே கட்டை விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள், விரல் இரண்டாகும். விரலைப் பாருங்கள், கடிகாரம் இரண்டாகும். நாள் முழுக்க நமக்கு இப்படித்தான் தெரிகிறது, மூளை வேண்டாததைக் கண்டுகொள்ளாமல் விடுவதால் நாம் கவனிப்பதில்லை. பிஸ்டல் பிடிக்கும்போதும் அதைக் கண்டுகொள்ளாமல் விடப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் உங்கள் மாஸ்டர் கண், அதாவது குறி பார்க்க மூளை நம்பும் கண், எது என்று தெரிய வேண்டும். இரண்டு கையையும் முழுசாக நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, கட்டைவிரல் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சின்ன ஓட்டை விடுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாக எதிர்ச் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் ஒன்றைப் பாருங்கள். இப்போது கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். எந்தக் கண்ணுக்கு ஸ்விட்ச் அப்படியே தெரிகிறதோ அதுதான் மாஸ்டர் கண். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், பத்துத் தடவை பாருங்கள்.

இன்னொன்று. கண்ணை மூடுவதில் களைப்பு மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இரண்டு கண்ணின் பாப்பாவும் சேர்ந்துதான் சுருங்கும், விரியும். ஒன்றை மூடினால் மொத்தமாக உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது, அதனால் திறந்திருக்கும் கண்ணின் பாப்பாவும் கொஞ்சம் விரிகிறது. கேமராவில் அபர்ச்சரைப் பெரிதாகத் திறந்த மாதிரி, கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துபோகும். ஃப்ரன்ட் சைட்டும், கண் பக்கம் இருக்கும் பள்ளம் வெட்டிய ரியர் சைட்டும் சேர்ந்து தெளிவாகத் தெரிய வேண்டிய இடத்தில் அந்த ஆழம்தான் நமக்குச் சோறு போடுவது.

டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

முன்னாள் காக்கி:

நான் இருபது வருஷத்துக்கு மேல் 9 எம்.எம். சர்வீஸ் பிஸ்டல் சுட்டவன். எங்களுக்கு இரண்டு கண்ணும் திறந்தே இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஒரு கண்ணை மூடினால் அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது, தூரமும் சரியாகப் பிடிபடாது. நான் பழகிய விதம் ரொம்ப எளிது. பார்வையை ஆள் உயர டார்கெட்டிலேயே வைக்க வேண்டும், பிஸ்டல் பார்வைக்குள் வந்து சேர்ந்ததும் டிரிகர். இரண்டு பிஸ்டல் தெரிந்தால் வலது கைக்காரர் இடது பக்கம் தெரிவதை எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் வலது கண் பார்க்கும் பிஸ்டல். மூன்று வாரத்தில் அந்த இன்னொன்று காணாமல் போய்விட்டது. அந்தப் பெண்ணும் இதையே செய்து பார்க்கலாம்.

பத்துமீட்டர்:

சார் சொல்வது அவருடைய வேலைக்குச் சரியானது, இடது பக்கப் பிஸ்டல்தான் வலது கண்ணுடையது என்பதும் சரி. ஆனால் பார்வையை டார்கெட்டில் வைப்பதை மட்டும் 10 மீட்டருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் ஒரு வருஷத்தை இழக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பிஸ்டலில் ரியர் சைட்டுக்கும் ஃப்ரன்ட் சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. இருக்கும். ஃப்ரன்ட் சைட் ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கினால் 10 மீட்டரில் பெல்லட் 30 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். பத்தில் விழ வேண்டியது ஏழுக்குப் போய்விடும். சைட் இரண்டும் ஒழுங்காக இருந்து, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால்? பெல்லட்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும், பத்து பத்தாகவே இருக்கும். ஆகவே கண் ஃப்ரன்ட் சைட்டில்தான் இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும், அதன் அடியில் வெள்ளையில் கொஞ்சம் இடம் விட்டுப் பிடிக்கிறோம், அந்த இடம் துல்லியமாக இருக்க வேண்டியதே இல்லை.

ஃப்ரன்ட் சைட்டைப் பார்த்தால் பிஸ்டல் ஒன்று, வட்டம் இரண்டு. சகோதரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: வலது பக்கம் தெரியும் வட்டம்தான் உங்கள் வலது கண்ணுடையது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே அறுபது ஷாட் சுட முடியாது, மூளை களைத்துவிடும். அதற்குத்தான் டேப்.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றி. பத்துத் தடவை பார்த்தேன், ஏழு தடவை வலது, மூன்று தடவை இடது. காலையில் பார்த்தால் வலதுதான் வருகிறது, வேலை முடிந்து கம்ப்யூட்டர் பார்த்த கண்ணோடு பார்த்தால் மாறுகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

இடதுகண்:

உங்கள் வலது கண் மாஸ்டர்தான், ஆனால் பிடி கொஞ்சம் தளர்வு என்று அர்த்தம். களைத்தால் இடது கண் உள்ளே புகுந்துவிடுகிறது, உங்கள் கடைசி இரண்டு சீரிஸுக்கும் இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

என் கதையைச் சொல்கிறேன், படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும். எனக்கு வலது கை, ஆனால் மாஸ்டர் கண் இடது, அதுவும் பத்துக்குப் பத்து. முதலில் பயிற்சி பெற்ற இடத்தில் அதை யாரும் பார்க்கவே இல்லை. இடது கண்ணை மூடு, மூடு என்று ஒன்றே கால் வருஷம் சொன்னார்கள். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுட்டேன், 500-ஐத் தாண்டவில்லை, தலைவலியோடு வீட்டுக்கு வருவேன், எனக்கு இந்த விளையாட்டு வராது என்று பிஸ்டலை விற்கிற அளவுக்குப் போய்விட்டேன். அப்புறம் வேறு ஊருக்கு மாறிப் போன இடத்தில், முதல் நாளே ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஓட்டை டெஸ்ட்டைச் செய்யச் சொன்னார். ரைஃபிள் என்றால் தோளையே மாற்ற வேண்டியிருக்கும், பிஸ்டல் நீட்டிய கையில்தானே இருக்கிறது, தலையைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினால் போதும், இடது கண் சைட்டுக்கு நேராக வந்துவிடும் என்றார். நிற்கும் கோணத்தையும் கொஞ்சம் மாற்றினோம், கழுத்து இழுக்காத வரைக்கும் மட்டும் திருப்பினோம். அன்றைக்கு ஃப்ரன்ட் சைட்டை முதல்முறையாக வரைந்து வைத்த மாதிரி பார்த்தேன். மேல் விளிம்பில் ஒரு கீறல் இருந்தது, அத்தனை நாளும் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. டேப் போதும்.

வெள்ளெழுத்து:

டேப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு 54 வயது, கண்ணாடியோடுதான் வாழ்க்கை.

ரூல் இடம் கொடுக்கிறது. குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் 30 மில்லிமீட்டர் அகலம் வரை மறைப்பு வைத்துக்கொள்ளலாம், ரேஞ்சில் ப்ளைண்டர் என்பார்கள். ஆனால் கறுப்பு அட்டை வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் கண்ணை மூடின மாதிரிதான், இருட்டாகி மறுபடியும் பாப்பா விரியும். வெள்ளையாக, வெளிச்சம் உள்ளே வரும்படி, உருவம் மட்டும் தெரியாதபடி இருக்க வேண்டும். பால் பாக்கெட் கவரின் எழுத்தில்லாத பகுதியை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி நான் ஆறு மாதம் சுட்டிருக்கிறேன். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மங்கலான டேப்பும் நன்றாக இருக்கும், பளபளப்பானது வேண்டாம்.

ஒட்டும் இடத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். லென்ஸ் முழுக்க ஒட்டாதீர்கள். ஷூட்டிங் நிலையில் தலையை வைத்து, பிஸ்டலைத் தூக்கி, அந்த நிலையில் இடது கண்ணுக்குப் பிஸ்டல் மறையும் அளவுக்கு மட்டும் ஒரு சின்னத் துண்டு. மேசையைப் பார்க்கக் குனியும்போது அது வழியில் வரக் கூடாது.

நாற்பது வயது தாண்டியவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுடாதீர்கள், டார்கெட் காணாமலே போகும். புராக்ரஸிவ் லென்ஸும் வேண்டாம், தலை ஒரு துளி அசைந்தால் பவர் மாறும். கண் டாக்டரிடம் போகும்போது கண்ணிலிருந்து ஃப்ரன்ட் சைட் வரை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போய், அந்தத் தூரத்துக்கு ஒரு தனி லென்ஸ் கேளுங்கள்.

பத்துமீட்டர்:

பால் கவர் யோசனை அருமை சார், நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன்.

சகோதரி, பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் டார்கெட்டே வேண்டாம். வீட்டில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று, டேப் ஒட்டிய கண்ணாடியோடு, ட்ரை ஃபயர் மட்டும், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகர் இழுப்பது. பிஸ்டலில் பெல்லட் இல்லை என்று திறந்து கண்ணால் பார்த்துவிட்டு, பெல்லட் டப்பாவை வேறு ரூமில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பிஸ்டலில் ட்ரை ஃபயர் வசதி இருந்தால்தான் இது. ஸ்பிரிங் பிஸ்டலைக் காலியாகச் சுட்டால் பிஸ்டன் சீல் போய்விடும். சுவரில் வட்டம் இல்லாததால் கண்ணுக்கு ஓடிப் போக வேறு இடம் கிடையாது, ஃப்ரன்ட் சைட்டிலேயே நிற்கும். டிரிகர் விழுந்த பிறகும் ஒன்று, இரண்டு எண்ணும்வரை அங்கேயே நிற்கட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் போதும், முகம் இறுகுவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எட்டு விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். அதற்கு மேல் கண் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், சைட் நகர்ந்தது தெரியாமல் டிரிகர் இழுப்பீர்கள். கையை இறக்குங்கள், தூரத்தில் எதையாவது பாருங்கள், மறுபடி தூக்குங்கள். 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம் இருக்கிறது.

டேப் இல்லாமல் டிகேச் மாதிரி சுட வேண்டும் என்பது ஆசையாக இருந்தால் அப்புறம் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்துக்கொண்டே வரலாம். ஆனால் டேப்போடு சுட்டாலும் இரண்டு கண்ணும் திறந்துதான் இருக்கின்றன. முகத்தில் எந்தத் தசையும் வேலை செய்யவில்லை, நமக்கு வேண்டியது அதுதான். டேப்பை எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

முன்னாள் காக்கி:

ஒரு மில்லிமீட்டருக்கு முப்பது என்ற கணக்கு எனக்குப் புதிது. நாங்கள் சுட்டது வேறு, இது வேறு என்று ஒப்புக்கொள்கிறேன். தங்கச்சிக்கு வாழ்த்து.

நொய்யல்கரை:

ஏழு வாரம் ஆகிறது, எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

முதல் வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிஸ்டல் மேலே வரும்போதே இடது இமை தானாக இறங்கும், கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால்தான் தெரிந்தது. அம்மாவை எதிரே உட்கார வைத்து, மூடினால் சொல்லச் சொன்னேன். முதல் நாள் முப்பதில் இருபத்திரண்டு தடவை "மூடிட்டே" என்றார். பத்தாவது நாள் நான்கு. அதற்கப்புறம் அம்மா டிவி பார்க்கப் போய்விட்டார்.

பால் கவர் எனக்கு ஒத்துவரவில்லை, டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கூசியது, மங்கலான டேப்தான் சரிப்பட்டது. ரேஞ்சில் நான்காவது வாரம் ஸ்கோர் இறங்கியது, 509 வரை போனது, பயந்துவிட்டேன். ஃப்ரன்ட் சைட்டை விட்டுவிட்டு வட்டத்தை எட்டிப் பார்க்கிறேன் என்று கோச் கண்டுபிடித்தார். மறுபடி ஒரு வாரம் டார்கெட்டின் வெள்ளைப் பின்பக்கம் தெரியும்படித் திருப்பி மாட்டிவிட்டுச் சுட்டேன்.

நேற்று முழு மேட்ச் சுட்டோம். 88, 87, 90, 88, 89, 87. மொத்தம் 529. கடைசி ஷாட் முடிந்து கண்ணாடியைக் கழற்றினபோது கண்ணில் தண்ணீர் இல்லை, கன்னம் சாதாரணமாக இருந்தது. டேப்பை இப்போதைக்குக் குறைக்கப் போவதில்லை. நாற்பதாவது ஷாட்டுக்கு மேல் இப்போது தோள்தான் வலிக்கிறது, அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.