சாமி இல்லாமல் கடலோடு ஒட்டுவது எப்படி? (திருவொற்றியூர், எண்ணூர் பக்கம்)

கொண்டல்காத்து:
சாமி நம்பிக்கை கிடையாது, தியான வகுப்பும் வேண்டாம். ஆனால் கடலைப் பார்த்தால் வரும் சிலிர்ப்பு ரெண்டு நிமிஷத்தில் போய், கை போனைத் தேடுகிறது. அதை நிலையாகப் பழக வழி உண்டா?

தூண்டில்வளைவு:
சிலிர்ப்பைத் தேடிப் போனால் வராதுங்க. கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். சூரியன் உதிக்கும் இடத்தை வாரம் ஒருமுறை குறியுங்கள். சென்னையில் அது டிசம்பரில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே, ஜூனில் அதே அளவு வடக்கே. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி 10 பாகை. மொத்தம் ஐந்து முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. மார்ச்சில் சூரியன் உதிக்கும் இடம் ஒரே நாளில் சூரியனின் அகலத்தில் முக்கால் பங்கு நகர்ந்துவிடும். ஜூன் கடைசியில் பத்து நாள் பார்த்தாலும் நகர்ந்த மாதிரியே தெரியாது.

பலர் சொதப்புவது அடையாளத்தில். 10 மீட்டர் தள்ளியிருக்கும் கல்லை வைத்தால், நீங்கள் ஒரு மீட்டர் நகர்ந்து உட்கார்ந்தாலே கணக்கு 6 பாகை தப்பும். தூண்டில் வளைவின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) நுனி மாதிரி 100 மீட்டருக்கு அப்பால் உள்ளதை எடுங்கள். சூரியன் முழுசாக மேலே வந்ததும் கண்ணை எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். தையில் ஆரம்பிப்பது நல்லது. (உத்தராயணத்துக்குப் பஞ்சாங்கம் தை 1 என்றாலும், வானத்தில் டிசம்பர் 21-22லேயே திரும்பிவிடும்!)

கண்டல்வேர்:
நான் எண்ணூர்க் கழிமுகத்தைச் சொல்வேன். ஏத்தமும் வத்தமும் (கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும்) நாளுக்கு ரெண்டு முறை, தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அட்டமி, நவமியில் போய்விட்டு ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று திரும்புகிறவர்கள் நிறைய. முகத்துவாரத்தில் மணல் தூர்ந்தால் உள்ளே ஏத்தம் தாமதமாகும்.

வத்தத்தில் வெண்கண்டல் (அலையாத்தியில் ஒரு வகை) மரத்தடியைப் பாருங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள், மிதிக்காதீர்கள். சேற்றில் காற்று இல்லாததால், வேரின் தோலில் உள்ள நுண்துளை வழியாகத்தான் மரம் மூச்சு வாங்குகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்தத் துளைகளில்தான் அப்பியது. உச்சிவெயிலில் இலையைத் தடவினால் விரலில் உப்பு நறநறக்கும்: உள்ளே போன உப்பை இலை வெளியே தள்ளுகிறது. விடியலில் தேடாதீர்கள், பனி கரைத்துவிடும். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள், அந்தத் தண்ணீர் அப்படி.

கொண்டல்காத்து:
இதில் ஆன்மிகம் எங்கே?

கண்டல்வேர்:
அடுத்த அமாவாசைக்கு அதே மரத்துக்கே போங்க. வேறு மரத்துக்குப் போகாதீங்க.