புதுப்பிப்பு: ஸ்போர் விண்வெளிக் கட்டத்தின் சலிப்புக்குக் கிடைத்த மாற்று

ஓர் உயிரினத்தை நுண்ணுயிர் நிலையிலிருந்து விண்வெளிப் பயணம் வரை வளர்க்கும் கணினி விளையாட்டு, 2008-இல் வெளிவந்த ஸ்போர் (Spore). அதன் விண்வெளிக் கட்டத்தில் ஒரே வேலை திரும்பத் திரும்ப வருவது குறித்து, ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரிலிருந்து நான் கேட்டிருந்த கேள்விக்கு வழிசொன்ன அனைவருக்கும் நன்றி.

விளையாட்டில் நாம் கிரகங்களில் அமைக்கும் குடியேற்றங்களில் பெரும் பீரங்கி நிறுவும் யோசனை விண்வெளிக் கொள்ளையர் தாக்குதல் பற்றிய ஓயாத அழைப்புகளை ஓரளவு குறைத்ததே தவிர, உயிரினத்துக்கு எத்தனை கால்கள் பொருத்தினாலும் ஆட்டம் மாறாத அடிப்படைக் குறை அப்படியே நீடித்தது. பலன் தந்தது, மூல நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல விளையாட்டான த்ரைவை (Thrive) முயலச் சொன்ன யோசனைதான். அதில் நாம் வடிவமைக்கும் நுண்ணுயிரோடு பிற இனங்களும் தாமாகவே பரிணமிப்பதால், ஒரு தலைமுறையில் செழித்த உடலமைப்பு அடுத்ததில் உணவின்றித் தவிக்கக்கூடும். என் இனம் முற்றாக அழிந்துபோகும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை. நுண்ணுயிர்க் கட்டமே அதில் நன்கு வளர்ந்திருப்பதால், எங்கள் ஊருக்கு அருகே உள்ள குருசடைத் தீவின் பலனோகிளாசஸ் என்ற கடற்புழு போன்ற பலசெல் உயிரியை உருவாக்கும் ஆசையுடன் எவரும் அதைத் தொடங்க வேண்டாம்.