கெட்டுப்போன அரக்குக் கரைசலுக்கு என்ன பெயர்?

ஆர்.கே.புரத்திலிருந்து:
தில்லிக் குழுவினருக்கு வணக்கம். கீர்த்தி நகரில் மரவேலை பழகும் நம் பிள்ளைகளுக்கான மெருகுக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் தடைபட்டு நிற்கிறது. மர மெருகுக்கான அரக்குச் செதிலை (இங்கே கடையில் 'சப்டா' என்று கேட்டால்தான் கிடைக்கும்) குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் நெடுநாள் தாங்கும். ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டாலோ, அரக்கின் அமிலங்கள் ஸ்பிரிட்டோடு மெல்லச் சேர்ந்து எஸ்டர் என்ற வேறு சேர்மமாகின்றன. வெயில் காலத்தில் இன்னும் விரைவாக. அப்புறம் எத்தனை நாள் காத்திருந்தாலும் பூச்சு இறுகாது. இந்தக் கரைசலை எப்படி அழைப்பது? 'காலாவதி' பொருந்தாது. நாமே கரைத்து வைத்த போத்தலில் தேதி ஏது? கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் அறிய முடியும்.

மயூர் விஹாரிலிருந்து:
'காயா அரக்கு'. 'காயாத' என்பதன் கடைசி எழுத்துக் கெட்ட வடிவம்; ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், முக்காலத்துக்கும் பொது. இதைவிடச் சுருக்கமாக வராது.

கரோல் பாகிலிருந்து:
ஐயா, முக்காலத்துக்கும் பொது என்பதுதான் சிக்கல். இப்போது பூசி இன்னும் காயாததும் 'காயா அரக்கு', என்றுமே காயாததும் 'காயா அரக்கு' என்றால் மாணவன் எதைக் கொட்டுவான்? மேலும் காயா ஒரு மரம். மரவேலைக் கையேட்டில் அந்தக் குழப்பம் வேண்டாம். அகநானூற்று 14ஆம் பாட்டைப் பாருங்கள்: அரக்கைப் போன்ற செந்நிலப் பெருவழி, அதில் உதிர்ந்த காயாம்பூ, நடுவே ஊரும் செந்நிற மூதாய்ப் பூச்சி. அரக்கும் பூச்சி தருவதுதான் என்பதை நினைத்தால் அந்த வரிகள் இன்னும் இனிக்கின்றன. 'அரத்தம்' என்பதற்கும் செம்மைப் பொருள் உண்டு. அரக்கு அந்த வேரில் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

மயூர் விஹாரிலிருந்து:
அரக்கைக் குறிக்கும் வடசொல்லான 'லாட்சா'வை மறந்துவிட்டீர்களே! வடசொல் என்பதால் ஒரு சொல்லின் பிறப்பை மாற்றி எழுதக் கூடாது.

துவாரகாவிலிருந்து:
பெரியவர்களே, அச்சகம் வேருக்காகக் காத்திராது. 'ஊசிய கரைசல்' என்று போடுங்கள். ஊசிப்போன குழம்பைத் திரும்பச் சூடாக்கி மீட்க முடியாது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இதையும் புது ஸ்பிரிட் ஊற்றி மீட்க முடியாது. ஆனால் அரக்குக் காய்ந்து விறைத்த தூரிகையை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் மீண்டும் இளகும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் கரைசல் கறுக்கும், கண்ணாடிப் போத்தலே நல்லது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மயூர் விஹாரிலிருந்து:
அம்மா, ஊசுதல் கிருமியின் வேலை. நாறும், நூலாய் இழுக்கும். இங்கே நடப்பது வேதிவினை. அறிவியல் பாடத்தில் தவறான காரணத்தைச் சொல்லுக்குள் புதைக்கலாமா?

ஆர்.கே.புரத்திலிருந்து:
பெரும்பாலோர் துவாரகா அம்மாவின் பக்கம். 'ஊசிய கரைசல்' என்றே அனுப்புகிறேன். எஸ்டர் விளக்கம் முதல் பத்தியிலேயே வரும்.

மயூர் விஹாரிலிருந்து:
அனுப்புங்கள். அடுத்த பதிப்புக்கு 'இறுகாக் கரைசல்' என்பதை இப்போதே முன்மொழிந்து வைக்கிறேன்.