கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஆட்டம் ஒரே அளவு வருது, உதவுங்க

குடந்தை_பிசியோ: அவசரம். திங்கக்கிழமை கைடு கிட்ட காட்டணும். நிக்கும்போது உடம்பு ஆடறதை அளக்க ப்ளைவுட் பலகை ஒண்ணு நாங்களே செஞ்சோம். கண்ணை மூடினா ஆட்டம் கூடணும்ல? ரெண்டுக்கும் பாதை நீளம் (பலகை காட்டற புள்ளி ஓடின மொத்தத் தூரம்) ஏறக்குறைய ஒண்ணாவே வருது. எங்க தப்பு?

வெண்ணாறு: அடியில என்ன இருக்கு? எத்தனை வினாடி? வெறுங்காலா?

மன்னை_மணி: பாதம் ஒட்டியா, விலக்கியா? கண்ணைத் திறந்து நிக்கறப்ப எதைப் பாக்கச் சொன்னீங்க? சும்மா வேடிக்கை பாத்துட்டு நின்னா தலை திரும்பும், அதுவே ஆட்டம்தான்.

திருவாரூர்_தேர்: தரைதான் காரணம். நம்ம பக்கம் களிமண் பூமி, கோடையில வெடிச்சு எறங்கும். பலகை நாலு மூலையும் ஊனியிருக்கான்னு பாருங்க.

பழைய_பெருச்சாளி: தம்பி, அந்தப் பலகை உடம்போட ஆட்டத்தை அளக்கவே இல்ல. பாதத்துக்கு அடியில இருக்கிற அழுத்த மையத்தை அளக்குது. நிறை மையம், அதாவது உடம்போட மொத்த எடையும் சேர்ற புள்ளி, வேற. அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் அழுத்த மையம் அதைத் தாண்டித் தாண்டி ஓடுது. இதுகூடப் படிக்காம ஆய்வுன்னு கிளம்பிடறீங்க.

குடந்தை_பிசியோ: நான் தம்பி இல்ல சார். அடியில 4 லோட் செல் (எடை உணரி), அதைப் படிக்க எச்எக்ஸ்711 சிப், 80 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 80 அளவு), 30 வினாடி. வெறுங்கால், பாதம் ஒட்டி. தரை மொசைக்.

லோட்செல்_அண்ணன்: ஃபில்டர் (வேகமான நடுக்கத்தை வெட்டி எடுக்கறது) பத்தி மூச்சே விடலையேம்மா. பாதை நீளம்னா அடுத்தடுத்த புள்ளிக்கு நடுவுல உள்ள தூரத்தையெல்லாம் கூட்டறது. வினாடிக்கு 80 தடவை இரைச்சலும், அதாவது கருவி தானா காட்டற பொய் நடுக்கமும், சேர்ந்து கூடும். மனுஷன் ஆடறது பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழதான். ஆள் நிக்கற இடத்துல ஒரு அரிசி சிப்பத்தை வெச்சு 30 வினாடி எடுங்க. சிப்பம் ஆடாது. வர்ற நீளம் அத்தனையும் இரைச்சல்.

வெண்ணாறு: ஒரு சிப்பம் போதாதுண்ணே. மொத்த எடையால வகுத்துதானே மையம் வருது? எடை குறைஞ்சா இரைச்சல் பெருசாத் தெரியும். ஆள் எடைக்குச் சமமா ரெண்டு மூணு அடுக்கணும்.

லோட்செல்_அண்ணன்: ஆமா, சரி. 10 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டுங்க. எங்க வெட்டினீங்கன்னு ஆய்வேட்டுல எழுதிடுங்க. அது மாறினா நீளமும் மாறும், அடுத்தவங்க எண்ணோட ஒப்பிட முடியாது.

மன்னை_மணி: மனுஷனும் தஞ்சாவூர் பொம்மை மாதிரிதானே, ஆடினாலும் தானா நிமிர்ந்துடுவான்.

பழைய_பெருச்சாளி: தப்பு. பொம்மைக்கு எடை அடியில. நமக்கு இடுப்பு உசரத்துல, கணுக்கால் மேல. தானா நிமிராது, தானா விழும். கெண்டைக்கால் தசை பிடிச்சு நிறுத்துது.

மன்னை_மணி: அப்ப கொஞ்சமா ஆடறவன் நல்லா நிக்கறான்னு அர்த்தமா?

பழைய_பெருச்சாளி: அதுவும் இல்ல. விறைச்சுப்போய் நிக்கறவனும் கொஞ்சமாத்தான் ஆடுவான். பார்கின்சன் நோயாளியில சிலர் அப்படி.

மன்னை_மணி: வரப்புல நாத்துக்கட்டோட நடக்கறவங்களை நிக்க வெச்சுப் பாருங்க, உங்க கணக்கெல்லாம் மாறும்.

பழைய_பெருச்சாளி: நடக்கறது வேற, நிக்கறது வேற. அளந்துட்டு வந்து பேசுங்க.

குடந்தை_பிசியோ: மூணு சிப்பம் வெச்சேன். ஆள் நின்னப்ப வந்த நீளத்துல பாதிக்கு மேல அதுலயே வந்துடுச்சு. ஃபில்டர் போட்டதும் கண் மூடினப்ப கூடுது. நன்றிண்ணா.

வெண்ணாறு: எத்தனை பேரை எடுத்தீங்க? எல்லாருக்கும் திறந்தது முதல்லயா, மாத்தி மாத்தியா?

திருவாரூர்_தேர்: தரையைப் பாத்தீங்களா இல்லையா?