சிங்கப்பூர்: படி ஏறாம மழைக்காடு பார்க்க வழி உண்டா?

அடுத்த வாரம் ஊர்லேர்ந்து அம்மா வர்றாங்க. 68 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். சமதரையில மெதுவா நடப்பாங்க, படின்னா பக்கவாட்டுல பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா. பூங்கா வேண்டாமாம், நெசக் காடுதான் பார்க்கணுமாம்!

நானே முன்னாடி போய்ப் பார்த்துட்டேன். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் உசரம்தான், ஆனா தார்ரோடே செங்குத்தா ஏறுது. மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுல 250 மீட்டர் தொங்குபாலம் ஒருவழி, அதைத் தாண்டினா படியோ படி. சதர்ன் ரிட்ஜஸ்ங்கிற குன்றுத்தொடர்ல காட்டுக்கு மேல போற நடைபாதையில படி இல்ல, ஆனா காலடி இரும்புச் சல்லடை வழியா மரத்தலையெல்லாம் கீழே தெரியுது. அம்மாவுக்குத் தலைசுத்தும்.

மிச்சம் தாவரவியல் பூங்காவுக்குள்ள இருக்கிற 6 ஹெக்டேர் மழைக்காடு. 1859-ல பூங்கா வர்றதுக்கு முன்னாடியே இருந்த காடு.

அதுக்குள்ள படியே இல்லாம போய்வர எந்த கேட்ல இறங்கணும்?