நன்கொடை கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது? தொண்டு நிறுவனத்துக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் ஒரே அளவுகோலா?

நெடுவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொகையை ஒதுக்கி வைத்து நன்கொடையாகக் கொடுப்பது என் வழக்கம். இம்முறை இரண்டு வேண்டுகோள்கள் வந்திருக்கின்றன. ஒன்று, ஏழைக் குழந்தைகளின் மருத்துவத்துக்கு உதவும் தொண்டு நிறுவனம். செலவிடும் பணத்தில் நூற்றுக்கு 92 பங்கு நேராகப் பணிகளுக்கே போகிறது என்று துண்டறிக்கையின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மற்றொன்று, நான் மதிக்கும் ஒரு வேட்பாளரின் பிரசாரம். "இன்று நள்ளிரவுக்குள்" என்ற தலைப்பில் நாளொன்றுக்கு மூன்று மின்னஞ்சலாவது வருகிறது.

முன்பு ஒரு பேரிடர் நிதிக்குப் பணம் அனுப்பி, ஆறு மாதத்துக்குள் அந்த இணையதளமே காணாமல் போனதைப் பார்த்தவன் நான். ஆகவே இப்போது கை தயங்குகிறது. கொடுப்பதற்கு முன் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? இரண்டையும் ஒரே விதமாக எடைபோடலாமா?

பழைய தணிக்கையாளர்:

அந்த 92 என்ற எண்ணிலிருந்தே தொடங்குங்கள், ஐயா. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது எப்படி உருவானது என்று தெரியாதவரை அதற்கு மதிப்பும் இல்லை.

முதலில், பொருளாக வந்த நன்கொடையைத் தனியே பிரியுங்கள். ஒரு நிறுவனத்தின் மொத்த வரவு 100 பங்கு என்றும், அதில் 75 பங்கு மருந்துக் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்த மருந்து என்றும் வைத்துக்கொள்வோம். மருந்து வந்த கையோடு வெளியே போய்விடுகிறது. 75 பங்கும் பணிச் செலவாகிவிட்டது. மீதி 25 பங்குதான் உங்களைப் போன்றவர்கள் கொடுத்த ரொக்கம். அதில் 17 பங்கு பணிக்கும், 8 பங்கு நிதி திரட்டலுக்கும் நிர்வாகத்துக்கும் போனால், அறிக்கையில் 92 என்றுதான் வரும். ஆனால் உங்கள் ரொக்கத்தைப் பொறுத்தவரை அது 68.

அமெரிக்காவில் 2015-இல் நான்கு புற்றுநோய் அமைப்புகள் மீது மத்திய வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தன. 2008 முதல் 2012 வரை மக்களிடம் 18.7 கோடி டாலருக்கு மேல் திரட்டி, பெரும்பகுதியைத் தங்களுக்கும் உறவினர்களுக்கும் பணம் வசூலித்துக் கொடுத்த நிறுவனங்களுக்கும் செலவழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளிநாடுகளுக்கு அனுப்பியதாகச் சொல்லி 22 கோடி டாலருக்கு மேற்பட்ட பொருள் நன்கொடையைக் கணக்கில் காட்டியதும் அதே வழக்கில் வெளிவந்தது. காகிதத்தில் பார்த்தால் பெரிய, சிக்கனமான அமைப்புகள் போலத்தான் தெரிந்தன.

இரண்டாவது, கூட்டுச் செலவு, அதாவது ஒரே செலவை நிதி திரட்டலுக்கும் பணிக்கும் பங்கிட்டு எழுதுவது. நான் ஒருமுறை பார்த்த கணக்கில் நான்கு பக்க வேண்டுகோள் கடிதம் ஒன்று இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில் "மாதம் ஒருமுறை உடலில் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைக் காட்டி, அச்சுக்கூலியிலும் தபால் செலவிலும் ஏறத்தாழ பாதியைச் "சுகாதாரக் கல்வி" என்று பணிச் செலவில் எழுதியிருந்தார்கள்.

ஆகவே துண்டறிக்கையை மூடிவைத்துவிட்டு மூலக் கணக்கைத் திறவுங்கள். அமெரிக்க அமைப்பானால் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் ஆண்டுக் கணக்கான படிவம் 990-ஐ யாரும் படிக்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் அமைப்பானால் அறநிலைய ஆணையத்தின் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள்; புகழ்பெற்ற அமைப்பின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓராண்டுக் கணக்கு போதாது, மூன்றாண்டு பாருங்கள்.

மாற்றுக்கருத்து:

தணிக்கையாளர் சொன்னது சரி. ஆனால் இதைப் படிப்பவர்கள் நிர்வாகச் செலவு குறைந்த இடமே நல்ல இடம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2013-இல் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய, தொண்டு நிறுவனங்களைப் பற்றித் தகவலும் மதிப்பீடும் தரும் மூன்று அமெரிக்க அமைப்புகளும் நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை மதிப்பிடாதீர்கள் என்பதே அதன் சாரம். அந்த விகிதத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்களே அப்படி எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் அமைப்பில்தான் பணம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

2007-இல் தொடங்கிய, தொண்டு நிறுவனங்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் கிவ்வெல் வேறு கேள்வி கேட்கிறது: இந்தப் பணத்தால் என்ன விளைந்தது, இன்னும் பணம் வந்தால் அதைப் பயனுள்ள விதத்தில் செலவழிக்க இவர்களிடம் வேலை இருக்கிறதா? பல ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு மேலும் கேட்பவர்களிடம் இந்த இரண்டாவது கேள்வியை அவசியம் கேட்க வேண்டும்.

வாக்குச்சாவடி:

பிரசாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். சில தேர்தல்களில் பிரசாரக் குழுக்களின் கணக்கு வேலை பார்த்திருக்கிறேன். ஒரே அளவுகோல் செல்லாது. தொண்டு நிறுவனம் அடுத்த ஆண்டும் இருக்கும். பிரசாரத்துக்கு ஒரு கடைசி நாள் உண்டு. கடைசி வாரத்தில் வரும் பணம் பெரும்பாலும் விளம்பரத்துக்குத்தான் போகும். தொடக்கத்தில் வரும் பணத்தில்தான் ஊழியர்களை நியமிக்கவும் வீடு வீடாகப் போகவும் முடியும். எப்படியும் எளிதாக வெல்லப் போகிறவருக்கும், எவ்வளவு கொடுத்தாலும் தோற்கப் போகிறவருக்கும் கொடுப்பது அன்பின் அடையாளமாக இருக்கலாம். அதனால் தேர்தல் முடிவு மாறாது.

அதைவிட முக்கியம், கேட்பவர் யார் என்பது. வேட்பாளரின் படத்தைப் போட்டு வரும் மின்னஞ்சலின் அடியில் சிறிய எழுத்தில் பணம் பெறுபவரின் பெயர் இருக்கும். அது அவருடைய சொந்தக் குழுவா, அவருக்குத் தொடர்பே இல்லாத வேறொரு குழுவா என்று பாருங்கள். அமெரிக்காவில் குழுக்களின் செலவுப் பட்டியல் மத்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. திரட்டிய பணம் திரட்டும் நிறுவனத்துக்கே திரும்பத் திரும்பப் போயிருந்தால், அங்கே பிரசாரம் என்று ஒன்று நடக்கவில்லை.

"உங்கள் நன்கொடைக்கு ஐந்து மடங்கு சேர்த்துத் தருகிறோம்" என்பதையும் நம்பாதீர்கள். 2023-24 தேர்தல் சுற்றில் அங்கே ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் கொடுக்க முடிந்தது. ஆயிரக்கணக்கானோரின் பணத்தை ஐந்து மடங்காக்கித் தர யாரால் முடியும்? பணம் கட்டும் பக்கத்தில் "மாதந்தோறும்" என்ற கட்டம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பழக்கத்தைத் தடைசெய்யும்படி அந்த ஆணையமே 2021-இல் ஒருமனதாக நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது.

வெளிநாட்டுக் குடிமக்கள் கொடுக்கலாமா, கொடுப்பவரின் பெயர் வெளியாகுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நெடுவழி:

மூவருக்கும் நன்றி. இரண்டு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மின்னஞ்சல்களில் பாதி வேட்பாளருடைய குழுவிலிருந்து வந்தவையே அல்ல. அவருடைய சொந்தப் பக்கத்தில் போய்க் கட்டினேன். அங்கேயும் அந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருந்தது, எடுத்துவிட்டேன்.

தொண்டு நிறுவனத்தின் கணக்கில் பாதிக்கு மேல் மருந்தாக வந்ததுதான். ரொக்கம் எப்படிச் செலவானது என்று எழுதிக் கேட்டேன். இரண்டே நாளில், பூசி மெழுகாமல், ரொக்கத்தில் நூற்றுக்கு 70 பங்குதான் பணிக்குப் போகிறது என்று பதில் எழுதினார்கள். 92 என்று அச்சிட்டவர்களும் இவர்களே என்பதால் கோபப்படுவதா, கேட்டதும் மறைக்காமல் சொன்னார்களே என்று மெச்சுவதா என்று தெரியவில்லை. இப்போதைக்கு ஒதுக்கியதில் பாதியை அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

பழைய தணிக்கையாளர்:

மீதிப் பாதியை அனுப்புமுன் இன்னொரு கடிதம் எழுதுங்கள். வந்த மருந்துகளுக்கு எந்த நாட்டு விலையைப் போட்டார்கள், வந்து சேர்ந்த நாளில் காலாவதிக்கு எத்தனை மாதம் பாக்கி இருந்தது என்று கேளுங்கள்.